697 எஞ்சினுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்: கம்பெனியா, வெளி பிராண்டா, அரைத்ததா, ஹை லிஃப்ட்டா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வண்டி 2004 மாடல் டாடா 1613, 697 டர்போ எஞ்சின், திருவக்கரைப் பக்கத்துக் குவாரியிலிருந்து புதுச்சேரிக்கு ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கிற வண்டி. புகை கூடி, ஆயில் குடிக்க ஆரம்பித்ததும் எஞ்சினை இறக்கிப் பிரித்திருக்கிறீர்கள். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றுவது முடிவாகிவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம்ஷாஃப்டை (சுருக்கமாகக் கேம்) உருவிப் பார்த்தால், வால்வைத் தள்ளுகிற மேடுகளான பன்னிரண்டு லோபில் இரண்டின் மூக்கு, அதாவது உச்சி, மழுங்கிப் போய் இருக்கிறது, போட்டோவும் போட்டிருக்கிறீர்கள். கம்பெனிப் பெட்டியில் வருவது ஒரு விலை, வெளி பிராண்டு அதில் பாதி விலை, பழையதையே அரைத்துத் தருகிறேன் என்று ஒருவர், வால்வைக் கூடுதல் உயரம் தூக்குகிற ஹை லிஃப்ட் கேம் போட்டால் இழுவை எகிறும் என்று இன்னொருவர், அதைப் பற்றி ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறீர்கள். நாலில் எது என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்வி கலந்திருக்கிறது. தேய்ந்ததை எதைக் கொண்டு மாற்றினால் உழைக்கும் என்பது ஒன்று. கேம் மாற்றினால் வண்டி முன்பைவிட நன்றாக இழுக்குமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பணம் தப்பான இடத்தில் போய்விடும், அதனால் தனித்தனியாகவே பேசுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு 27 வருஷமாக இதே வேலை. பெரும்பாலும் டாடா 697, 497, லேலண்டு ஹினோ, அப்புறம் 5.9 கம்மின்ஸ். கையில் வந்தது எல்லாமே சுமை இழுக்கிற டீசல் எஞ்சின்கள். ரேஸ் வண்டிக்கு கேம் போட்ட ஆள் இல்லை, டைனோ மெஷினில் ஏற்றி அளந்த குதிரைத்திறன் கணக்கும் என்னிடம் இல்லை. அளவுக் கருவியில் பார்த்ததையும், திரும்பி வந்த வண்டிகளிடம் கற்றதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஹை லிஃப்ட் பேச்சு, ஏனென்றால் ஆசை அங்கேதான் இருக்கிறது. கேம் மாற்றினால் எஞ்சின் குணமே மாறும் என்பது பொய் இல்லை, ஆனால் அது முக்கியமாகப் பெட்ரோல் எஞ்சின் கதை. பெட்ரோலில் எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுதான் சக்தி, அந்தக் காற்றுக்கு வாசல் திறந்து மூடுவது கேம். அமெரிக்காவில் பிக்கப் டிரக்குகளில் இருக்கிற பெட்ரோல் வி8 எஞ்சின்களுக்கு 'டிரக் கேம்' என்றே தனியாக விற்கிறார்கள், நீங்கள் பார்த்த வீடியோவும் அந்த வகையாகத்தான் இருக்கும். அங்கே எஞ்சின் 5,000, 6,000 சுற்று வரை போகிறது. உங்கள் 697, சுற்று எல்லை மீறாமல் தடுக்கிற கவர்னர் பிடித்து 2,500 சுற்று பக்கத்தில் நின்றுவிடும். டீசலில் காற்றை மறித்து வைக்கிற த்ராட்டில் கிடையாது, காற்று எப்போதும் முழுசாக வருகிறது, போதாததற்கு டர்போ அமுக்கிக் கொடுக்கிறது. அந்தக் காற்றில் எவ்வளவு டீசலைச் சுத்தமாக எரிக்கிறோம் என்பதுதான் இழுவை. அந்தக் கணக்கு டீசல் பம்பிலும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலிலும், டர்போவிலும் இருக்கிறது. கேமுக்குப் பங்கு உண்டு, ஆனால் கம்பெனிக்காரன் அந்தச் சுற்றுக்கு ஏற்ற மாதிரி ஏற்கெனவே வெட்டி வைத்துவிட்டான்.

ஹை லிஃப்ட் என்று சொல்லிக் கொடுக்கிற கேமில் பெரும்பாலும் லிஃப்ட் மட்டும் கூடியிருக்காது, வால்வு திறந்திருக்கிற நேரமும் நீண்டிருக்கும். மெக்கானிக் பாஷையில் டியூரேஷன். லிஃப்டைக் கூட்டிவிட்டு நேரத்தை அப்படியே வைத்தால் லோபின் பக்கவாட்டு செங்குத்தாகி, அதன் மேல் உட்கார்ந்து வால்வுக்கு அசைவைக் கடத்துகிற டேப்பெட்டை மொத்துகிற மாதிரி ஆகிவிடும், அதனால் இரண்டும் சேர்ந்தே வரும். நேரம் நீண்டால், காற்று உள்ளே வருகிற இன்லெட் வால்வு மூடுவது தள்ளிப் போகும். கேம் விஷயத்தில் ஒரே ஒரு அளவைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது இந்த இன்லெட் மூடும் இடத்தைத்தான். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பித்த பிறகுதான் இன்லெட் மூடும், பெரும்பாலான எஞ்சின்களில் அப்படித்தான். வேகமான சுற்றில் காற்று ஓடி வருகிற வேகத்தில், பிஸ்டன் ஏறினாலும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும், அங்கே தாமதமாக மூடுவது லாபம். மெதுவான சுற்றில் அந்த வேகம் இல்லை, ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 697-க்கு போர் (சிலிண்டர் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 128 மி.மீ., ஆறு சிலிண்டருக்கு 5,675 சி.சி. அடிமட்டம் தாண்டி கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிற தண்டு) 40 டிகிரி சுற்றியதும் இன்லெட் மூடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதற்குள் பிஸ்டன் சுமார் 11 மி.மீ. ஏறியிருக்கும். அதையே 55 டிகிரிக்குத் தள்ளினால் சுமார் 21 மி.மீ. ஏறியிருக்கும். 128-ல் 21 போய்விட்டால் மீதி 107 மி.மீ. ஓட்டத்தில்தான் காற்று அமுங்குகிறது. எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது, 17-க்கு 1 என்று எடுத்துக்கொண்டால், முதல் கணக்கில் உண்மையில் கிடைப்பது 15.6, இரண்டாவதில் 14.4. (இந்த டிகிரிகள் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் எஞ்சினின் அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) டீசல் தானாகப் பற்றிக்கொள்வதே காற்று அமுங்கிச் சூடாவதால்தான். அந்தச் சூட்டைக் குறைத்துவிட்டு இழுவையை எதிர்பார்க்க முடியாது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், வெள்ளைப் புகை விடும், லோடோடு முதல் கியரில் நகர்த்தும்போது மூச்சு வாங்கும்.

இப்போது உங்கள் வண்டி ஓடுகிற பாதையை நினைத்துப் பாருங்கள். திருவக்கரையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் ரோடு சமதரைதான், அந்த ஓட்டத்துக்கு 697 தாராளமாகப் போதும். எஞ்சின் நிஜமாகவே கஷ்டப்படுகிற ஒரே இடம் குவாரிப் பள்ளத்திலிருந்து ஃபுல் லோடோடு மேலே ஏறுகிற மண் சரிவு. அங்கே முதல் கியர், சுற்று 1,000, 1,200 பக்கம், டர்போ இன்னும் முழுசாக மூச்சு எடுக்காத நேரம். ஹை லிஃப்ட் கேம் கெடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். கொடுப்பதாகச் சொல்கிற லாபமோ உங்கள் கவர்னர் விடாத சுற்றில் இருக்கிறது. அதனால் இந்த வண்டிக்கு ஹை லிஃப்ட் வேண்டாம் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

டர்போ விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்லெட் திறந்து, இரண்டு வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும், அதை ஓவர்லேப் என்பார்கள். சாதாரண எஞ்சினில் வெளியே போகிற புகை புதுக் காற்றை இழுத்துவிட இது உதவும். டர்போ எஞ்சினில், புகையின் வேகத்தில் சுற்றி டர்போவை ஓட்டுகிற டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பக்கம் அடைத்துக்கொண்டு நிற்கிற அழுத்தம், பல நேரம் இன்லெட் பக்க அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். அப்போது ஓவர்லேப் கூடினால் புகை இன்லெட்டுக்குள் திரும்பி வரும். தவிர, டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இடம். ஓவர்லேப் நேரத்தில் வால்வு கூடுதலாகத் திறந்திருந்தால் பிஸ்டன் வால்வைத் தட்டும். வளைந்த வால்வோடு நிற்கலாம், மோசமாகப் போனால் வால்வுத் தலை உடைந்து உள்ளே விழுந்து, இப்போது போடப்போகிற புது பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும்.

டீசலுக்குப் பெர்ஃபார்மன்ஸ் கேம் என்று ஒன்றே இல்லையா என்றால், இருக்கிறது. 5.9 கம்மின்ஸ் போட்ட பிக்கப் வண்டிகளுக்கு அமெரிக்காவில் வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் பெரிய நாசில், பெரிய டர்போ, கெட்டியான வால்வு ஸ்பிரிங், புஷ் ராடு (டேப்பெட்டிலிருந்து மேலே போகிற கம்பி) எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, அதற்குப் பொருத்தமாகக் கேம் தேர்வு செய்கிறார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்க கேமை மட்டும் மாற்றினால் மைலேஜ் கூடுமா என்பதில் பட்டறைக்குப் பட்டறை பேச்சு மாறுகிறது. கூடியது என்று சத்தியம் செய்கிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டிகளில் எல்லாம் அதே சமயத்தில் நாசில் சர்வீஸ், பம்பு காலிபிரேஷன், புது ரிங் எல்லாமே நடந்திருந்தது. எதனால் கூடியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாததால் கேமுக்கு அந்தப் பெயரை நான் தரமாட்டேன்.

சரி, அடுத்தது அரைத்துத் தருகிறேன் என்கிற வழி. இதைக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று தள்ளமாட்டேன், பார்ட்ஸ் கிடைக்காத பழைய எஞ்சின்களுக்கு வேறு வழியே இல்லாமல் செய்திருக்கிறோம். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்ந்தது மூக்கு. மூக்கில் புதிதாக இரும்பு சேர்க்க முடியாது, வெல்டிங் வைத்து அரைப்பவர்கள் இருக்கிறார்கள், லாரி கேமுக்கு அதை நான் நம்புவதில்லை. அதனால் மூக்குக்கு எதிர்ப்பக்கம், அதாவது வால்வு மூடியிருக்கும்போது டேப்பெட் உட்கார்ந்திருக்கிற வட்டப் பகுதியை அரைத்துக் குறைப்பார்கள். வட்டம் சின்னதானால் மூக்கு உயரமாகிவிடும், லிஃப்ட் பழைய அளவுக்கு வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் டேப்பெட் முன்பைவிடக் கீழே உட்காரும், வால்வை அமுக்குகிற ராக்கரின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை அவ்வளவு தூரம் இறக்க வேண்டும், புஷ் ராடும் ராக்கரும் வேலை செய்கிற கோணம் மாறும். அதைவிட முக்கியம், மேலே இருக்கிற கெட்டித்தோல். ஸ்டீல் கேமாக இருந்தால் மேற்பரப்பில் சில மில்லிமீட்டருக்குத்தான் ஹார்டனிங் இருக்கும், அரைக்க அரைக்க அது போய்விடும். வார்ப்பிரும்பு கேமில் வார்க்கும்போதே மூக்கைக் குளிரவைத்துக் கெட்டியாக்கியிருப்பார்கள், அது கொஞ்சம் ஆழமாக இருக்கும், ஆனாலும் முடிவில்லாமல் இல்லை. அரைத்த பிறகு கெட்டித்தன்மையை அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டமுடியாது என்றால் அங்கே கொடுக்க வேண்டாம். உங்கள் எஞ்சினுக்குப் புதுக் கேம் கடையில் கிடைக்கிறது, அதனால் இந்த வழியே தேவையில்லை.

மிச்சம் இருப்பது கம்பெனிப் பெட்டியா, வெளி பிராண்டா. இதில்தான் நேர்மையாக ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. வெளி பிராண்டு என்றாலே மட்டம் என்று நினைப்பது தப்பு. வண்டிக் கம்பெனிக்குப் பார்ட்ஸ் செய்து கொடுக்கிறவர்களே தங்கள் சொந்தப் பெயரிலும் பெட்டி போட்டு விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அப்படிப்பட்டதை வாங்கினால் பாதிப் பணம் மிச்சம், பொருளும் அதே தரம். இன்னொரு பக்கம், பெட்டியைப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே இருக்கிற கேம் ஒரு வருஷம்கூடத் தாங்காது. கம்பெனிப் பெட்டியிலேயே போலி வருகிற காலம் இது. ஆகவே பெட்டியை நம்பாமல் பொருளை அளந்து வாங்குங்கள். உங்கள் கையில் பழைய கேம் இருப்பது பெரிய வசதி, தேயாத லோப்கள் அதில் இன்னும் பத்து இருக்கின்றன, அவைதான் உங்கள் அளவுகோல்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு 697-க்கு வெளி பிராண்டு கேம் போட்டேன். டைமிங் மார்க் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன், எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் அடிச்சுற்றில் இழுவை இல்லை, லோடு ஏறினதும் கரும்புகை. நாசில் மாற்றினோம், பம்பை இறக்கி மறுபடி காலிபிரேட் செய்தோம், டர்போவைக்கூடச் சந்தேகப்பட்டோம். பத்து நாள் வண்டி நின்றது, அந்த ஓனரின் மாசத் தவணையை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் டிகிரி பிளேட்டும் (கிராங்க் கோணத்தைக் காட்டுகிற தட்டு) டயல் கேஜும் (மிகச் சின்ன அசைவை அளக்கிற கருவி) மாட்டி ஒன்றாம் சிலிண்டர் இன்லெட் எங்கே முழுசாகத் திறக்கிறது என்று பார்த்தால், இருக்கவேண்டிய இடத்தைவிடக் கிராங்க் கணக்கில் ஏழு டிகிரி தள்ளி நிற்கிறது. கியரைப் பிடிக்கிற சாவியின் பள்ளத்தையே இடம் தப்பி வெட்டியிருக்கிறார்கள். கியரில் ஒரு பல் மாற்றி வைத்து இதைச் சரிசெய்யவும் முடியாது. கேம் கியரில் 60 பல் இருக்கிறது என்று வைத்தால் ஒரு பல்லுக்குக் கேமில் 6 டிகிரி, கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் 12 டிகிரி. ஏழைச் சரிசெய்யப் போய் இந்தப் பக்கம் ஐந்து தப்பும். கேமை மாற்றினோம், அன்றிலிருந்து அளக்காமல் எந்தக் கேமும் என் பட்டறையில் உள்ளே போவதில்லை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. இரண்டு வி பிளாக்கில் கேமைப் படுக்கவைத்து நடு ஜர்னலில், அதாவது கேமைத் தாங்குகிற உருண்டைப் பகுதியில், டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள், முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் அந்தக் கேம் வளைந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜர்னல்களை மைக்ரோமீட்டரில் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு லோபுக்கும் மூக்கிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒரு அளவு, அதற்குக் குறுக்கே ஒரு அளவு எடுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஏறக்குறைய லோப் லிஃப்ட் வந்துவிடும். ஆறு இன்லெட்டும் தங்களுக்குள் ஒன்றாகவும், ஆறு எக்ஸாஸ்டும் தங்களுக்குள் ஒன்றாகவும் இருக்க வேண்டும், பழைய கேமின் நல்ல லோப்களோடும் ஒத்துப்போக வேண்டும். சாவிப் பள்ளத்துக்கும் ஒன்றாம் லோபுக்கும் உள்ள கோணத்தை இரண்டு கேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கெட்டித்தன்மைக்கு, கையில் பிடிக்கிற ஹார்ட்னஸ் டெஸ்டர் இருக்கிற பட்டறைக்கு எடுத்துப் போங்கள், ராக்வெல் சி அளவில் மூக்கு 50 பக்கத்திலோ அதற்கு மேலோ காட்டினால் நிம்மதி. அது கிடைக்கவில்லை என்றால், லோபின் ஓரத்தில், டேப்பெட் தொடாத விளிம்பில், நல்ல அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். பழைய கேமின் விளிம்பில் எப்படி வழுக்குகிறதோ அதே மாதிரி வழுக்க வேண்டும். புதியதில் மட்டும் சுரண்டிக்கொண்டு தூள் வந்தால் அது பச்சை இரும்பு. அரம் தோராயமான சோதனைதான், ஆனால் மோசமானதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை, துரு. கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக் காற்று, கடை அலமாரியில் இரண்டு வருஷம் கிடந்த கேமின் மெழுகுத்தாள் கிழிந்திருந்தாலே லோப் முகத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருக்கும். எமரி தாள் வைத்துத் தேய்த்தால் பளபளப்பாகிவிடும், ஆனால் குழி அப்படியே இருக்கும். 2015 வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற லாரிகள் எத்தனையோ பட்டறைக்கு வந்தன. அவற்றில் சில வண்டிகளில் கேமைப் பிரித்துப் பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டினார்கள். சில மாதத்துக்குள் டேப்பெட் அடிப்பாகம் அம்மி கொத்தினது மாதிரி ஆகித் திரும்பி வந்தன. துருக்குழி இருக்கிற லோப் டேப்பெட்டைத் தின்னும், அப்புறம் டேப்பெட் லோபைத் தின்னும். புதுக் கேமாக இருந்தாலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்து, குழி தட்டுப்பட்டால் வேறு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்துவது வேறு. பன்னிரண்டு லோபில் இரண்டு மட்டும் ஏன் தேய்ந்தது? மொத்தக் கேமும் வயசாகித் தேய்ந்திருந்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் போயிருக்கும். இரண்டு மட்டும் போயிருக்கிறது என்றால் அந்த இரண்டு இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, போட்டோவை வைத்து நான் அதைச் சொல்ல முடியாது. அந்த இரண்டு டேப்பெட்டையும் எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தட்டையாகத் தெரிகிற டேப்பெட் அடி உண்மையில் மிக மிக லேசாகக் குவிந்திருக்கும், லோபும் ஒரு பக்கம் மயிரிழை சரிந்திருக்கும். அப்படி இருப்பதால்தான் ஓடும்போது டேப்பெட் தானாகச் சுழன்றுகொண்டே தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. டேப்பெட் அடியில் வட்டவட்டமாகக் கோடு இருந்தால் சுழன்றிருக்கிறது. ஒரே திசையில் நேர்க்கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் சுழலாமல் நின்றுவிட்டது, அந்த டேப்பெட் துவாரத்தில் பிசினோ, பிசிரோ, ஓவல் தேய்மானமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே வால்வுகளின் ஸ்பிரிங்கையும் புஷ் ராடையும் பாருங்கள், புஷ் ராடு வளைந்திருக்கலாம், முன்னால் யாராவது தப்பான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். ஆயில் பாதை அடைப்பையும் பார்த்துவிடுங்கள். காரணம் அப்படியே இருக்க மேலே எந்தக் கேமை மாட்டினாலும், கம்பெனியோ வெளி பிராண்டோ, அதே இரண்டு இடத்தில் மறுபடி போகும். தேய்ந்த இரும்புத்தூள் எங்கேயும் போகவில்லை, ஆயிலோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது. ஆயில் பம்பு, ஆயில் கூலர், பிளாக்கின் ஆயில் பாதைகளான கேலரி எல்லாவற்றையும் அடைப்பான்களைக் கழற்றிக் கழுவாமல் புது பேரிங் போடாதீர்கள்.

இந்தத் தேய்மானத்தையே வைத்து இழுவைக் கேள்விக்கும் பதில் சொல்லலாம். மூக்கில் ஒரு மில்லிமீட்டர் போயிருந்தால், ராக்கர் ஒன்றரை மடங்கு பெருக்குகிறது என்று வைத்தால், வால்வு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாகத் திறந்திருக்கிறது, திறந்திருந்த நேரமும் குறைந்திருக்கிறது. தேய்ந்தது எக்ஸாஸ்ட் லோபாக இருந்தால் எரிந்த புகை முழுசாக வெளியே போகாமல் அந்தச் சிலிண்டரில் தங்கியிருக்கும். ரொம்பத் தேய்ந்திருந்தால் இன்லெட் திறக்கும்போது அது ஏர் பில்டர் பக்கம் திரும்பிப் 'பொப் பொப்' என்று சத்தம் வந்திருக்கும், டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். ஆக, ஆறில் ஒன்றோ இரண்டோ சிலிண்டர் நொண்டிக்கொண்டு ஓடின எஞ்சின் இது. ஸ்டாண்டர்டு அளவில் சரியான கேம் போட்டு, வால்வு சீட்டை வெட்டி, நாசில் அழுத்தம் பார்த்து, பம்பைக் காலிபிரேட் செய்து, டர்போ ஷாஃப்ட் ஆட்டத்தையும் ஏர் குழாய்க் கசிவையும் பார்த்தாலே வண்டி உங்கள் கைக்கு வித்தியாசமாகத் தெரியும். ஹை லிஃப்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைப் பம்புக்கும் நாசிலுக்கும் கொடுங்கள்.

கேம் எது வாங்கினாலும் பன்னிரண்டு டேப்பெட்டும் புதிது போடுங்கள். இதில் சமரசம் வேண்டாம். பழைய டேப்பெட் பழைய லோபோடு சேர்ந்து தன் முகத்தை மாற்றிக்கொண்டது, அதைப் புது லோபின் மேல் வைத்தால் முதல் சில மணி நேரத்திலேயே லோபைக் கெடுத்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஓனர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்று பழைய டேப்பெட்டையே பாலிஷ் போட்டு வைத்தேன், ஆறு மாதத்தில் அதே எஞ்சினை என் கையாலேயே மறுபடி பிரித்தேன். ஜர்னல்கள் சுற்றுகிற கேம் புஷ்களையும் அளந்துவிடுங்கள். அங்கே இடைவெளி கூடினால் ஆயில் பிரஷர் இறங்கும், கிராங்க் பேரிங் புதிதாக இருந்தும் பிரஷர் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஸ்பிரிங்குகளைப் பழைய அளவோடு ஒப்பிட்டு, தளர்ந்ததை மாற்றுங்கள்.

மாட்டும்போது லோபுக்கும் டேப்பெட் அடிக்கும் மாலி கலந்த அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள், வெறும் ஆயில் வழிந்து போய்விடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் பிரஷர் காட்டுகிறவரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் 'புது எஞ்சின், மெதுவாக ஓடட்டும்' என்று ஐடிலிலேயே அரை மணி விடுவதுதான் பல இடத்தில் நடக்கிறது, கேமுக்கு அது கெடுதல். இந்த மாதிரி எஞ்சினில் லோப்களுக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் சுற்றுகிற சிதறலில்தான், ஐடிலில் சிதறல் குறைவு. லோடு இல்லாமல் 1,200 முதல் 1,500 சுற்று வரை ஏற்றி இறக்கி ஒரு இருபது நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள், சூட்டையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே. ஆயில் டீசலுக்கென்றே வருகிற 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ் தரம் போதும். பெட்ரோல் காருக்கான லேசான ஆயில்களில் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், டேப்பெட்டுக்கும் லோபுக்கும் நடுவில் தேயாமல் காப்பது அந்தச் சேர்மானம்தான். மீதி ஆயில் இருக்கிறது என்று எதையாவது ஊற்றிவிடாதீர்கள்.

இங்கே இதைப் படிக்கிற பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டிகளில் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்), ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடுகிற அமைப்பு), புகை சுத்திகரிப்பு எல்லாம் கம்பெனிக் கேமின் காற்றோட்டத்தை நம்பி அமைத்தவை. நான் மேலே சொன்னதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம், அதே பார்ட் நம்பர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

உங்கள் வண்டிக்குத் திரும்பி வருகிறேன். என் பட்டறைக்கு வந்திருந்தால், கம்பெனிக் கேமையும் நீங்கள் சொன்ன வெளி பிராண்டையும் கடைக்காரரிடம் பேசி இரண்டையும் எடுத்துவந்து பழையதோடு சேர்த்து அளந்திருப்பேன். வெளி பிராண்டு அளவிலும் கெட்டித்தன்மையிலும் தேறினால் அதையே போட்டு, மிச்சப் பணத்தில் டேப்பெட் செட்டையும் புஷ் ராடையும் வாங்கச் சொல்லியிருப்பேன். அளக்க ஆளும் கருவியும் கிடைக்கவில்லை என்றால் மட்டும், டீலரிடம் பில்லோடு கம்பெனிப் பெட்டி. முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரிலேயே இறக்கிவிடுங்கள், இறக்கும்போது டிரெயின் போல்ட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் பசை கொஞ்சம் ஒட்டுவது சகஜம், ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு ராக்கர் கவரைத் திறங்கள். அன்றைக்கே எஞ்சின் ஆறினபிறகு டேப்பெட் கேப், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பன்னிரண்டையும் மறுபடி ஃபீலர் கேஜில் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடியிருந்தால் அந்த இடத்தில் டேப்பெட்டோ லோபோ தேய ஆரம்பித்திருக்கலாம் என்று அர்த்தம். பழைய கேமின் பன்னிரண்டு லோப் அளவையும், தேய்ந்த இரண்டும் இன்லெட்டா எக்ஸாஸ்டா, எத்தனையாம் சிலிண்டர் என்பதையும் இங்கே எழுதுங்கள், டேப்பெட் அடிப்பாகத்தின் போட்டோவும் சேர்த்துப் போட்டால் காரணத்தைத் தேடுவதில் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.